அடைக்கலம் வந்த ரெஜிஸ்டர்கள்

கெர்னலுக்குள் பாதுகாப்புத் தணிப்புகளை எழுதுவோர், அவற்றைப் பழைய பதிப்புகளுக்கு எடுத்துச் செல்வோர், வெளியிடும் முன் சோதிப்போர் ஆகியோருக்கு ஒரு திறந்த மடல்



ஒரே ஒரு கட்டளையின் கதையோடு தொடங்குகிறேன். 2023 ஆகஸ்ட் 8ஆம் தேதி ஏஎம்டி செயலிகளில் உள்ள ‘இன்செப்ஷன்’ என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. சூரிச் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது அது. லினக்ஸ் கெர்னலுக்கான தணிப்பும் உடனே வந்தது. ஃபங்ஷன் முடிந்து திரும்பும் இடத்தில் இருக்கும் ‘ரெட்’ கட்டளைக்குப் பதிலாக, ஒரு சிறு நிரல்துண்டுக்குத் தாவ வேண்டும். அந்தத் துண்டு செயலியின் ஊகத்தை ஆபத்தில்லாத பக்கம் திருப்பிவிட்டு, பிறகு உண்மையான முகவரிக்குத் திரும்பும். இதைச் செய்யும்போது ஸ்டாக்கில் ஒரு வெற்று முகவரி சேர்ந்துவிடுகிறது. அதைத் தாண்ட ஸ்டாக் பாயின்டரோடு 8 கூட்ட வேண்டும். கூட்டுவதற்கு ‘ஆட்’ கட்டளை. நம்மில் யார் எழுதியிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்போம்.

சில நாட்களிலேயே அந்த ‘ஆட்’டை எடுத்துவிட்டு ‘லியா’ வைக்க வேண்டியதாயிற்று. காரணம், லினக்ஸ் கெர்னலுக்குள்ளிருந்து மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கேவிஎம்.

மெய்நிகர் கணினிக்குள் ஓடும் விருந்தினர் இயங்குதளத்தின் சில கட்டளைகளை நேரடியாகச் செயலியிடம் விட முடியாது. அவற்றைக் கேவிஎம் தானே செய்து விடையை விருந்தினரிடம் ஒப்படைக்கிறது. ஏடிசி என்ற கூட்டல் கட்டளை என்றால், அதே ஏடிசியும் ஒரு ரெட்டும் மட்டுமே கொண்ட குட்டி ஃபங்ஷன் ஒன்றை அப்போது அழைத்தது. அழைக்கும் முன் விருந்தினரின் ஃபிளாக்குகளைச் செயலியில் ஏற்றியது. திரும்பி வந்ததும் அங்கே இருக்கும் ஃபிளாக்குகளை எடுத்து அப்படியே விருந்தினரிடம் கொடுத்தது. அந்த வேலை முழுவதும் ஃபிளாக்குகளை நம்பித்தான் நடந்தது.

இப்போது அந்த ரெட் இருந்த இடத்தில் தணிப்பு வந்து உட்கார்ந்தது. விருந்தினரின் கூட்டல் முடிந்த பிறகு, நம்முடைய கூட்டல் ஒன்று ஓடியது. கெர்னல் ஸ்டாக்கின் முகவரியோடு 8 கூட்டினால் விடை ஒருநாளும் பூஜ்யம் ஆவதில்லை, கேரியும் வருவதில்லை. ஆகவே ஸீரோ ஃபிளாக்கும் கேரி ஃபிளாக்கும் எப்போதும் 0 என்றே விருந்தினருக்குப் போய்ச் சேரும். இரண்டு எண்கள் சமமா என்று அது கேட்டால், சமமாக இருந்தாலும் ‘இல்லை’ என்ற பதில் கிடைக்கும். எந்த எச்சரிக்கையும் அச்சாகாது. எந்தப் பாதுகாப்புச் சோதனையும் தோற்காது. தணிப்பு தன் வேலையைச் செவ்வனே செய்துகொண்டிருக்கும். கணக்கு மட்டும் பொய்யாகியிருக்கும்.

‘லியா’ முகவரி கணக்கிடும் கட்டளை. அதே 8ஐக் கூட்டும், ஃபிளாக்குகளைத் தொடாது. தீர்வு அவ்வளவுதான்.

நண்பர்களே, இந்தக் கதையை யாரையும் குறைசொல்லச் சொல்லவில்லை. நம் வேலையின் இயல்பு என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாததால் சொல்கிறேன். நாம் எழுதும் தணிப்பு, யாரோ ஒருவரின் கணக்கு பாதியில் நிற்கும்போது நடுவே நுழைகிறது. அந்த நேரத்தில் செயலியின் ரெஜிஸ்டர்களில் இருப்பது நம்முடைய சொத்து இல்லை. நம்மை நம்பி விட்டுச்சென்ற அடைக்கலப் பொருள். திருடன் வராமல் கதவை அடைக்கிறோம் என்பதற்காக, உள்ளே அடைக்கலமாக வைத்த பொருளை மாற்றி வைக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது.

வழக்கமான சி நிரலில் இந்தக் கவலை இல்லை. எந்த ரெஜிஸ்டரை அழைப்பவர் காக்க வேண்டும், எதை அழைக்கப்படுபவர் காக்க வேண்டும் என்று ஓர் உடன்பாடு இருக்கிறது. கம்பைலர் அதைப் பிசகாமல் நிறைவேற்றும். தணிப்புகள் நுழையும் இடங்களோ அந்த உடன்பாடு இன்னும் தொடங்காத, அல்லது முடிந்துபோன இடங்கள். சிஸ்டம் காலின் நுழைவாயில், குறுக்கீடு வந்து விழும் முதல் வரி, விருந்தினரிலிருந்து வெளியேறும் கணம், பயனர் நிரலுக்குத் திரும்பும் கடைசி வரி. அங்கெல்லாம் கம்பைலர் துணைக்கு வராது. நம் கண்ணும் நம் கையும்தான் துணை.

64-பிட் எக்ஸ்86 செயலியில் சிஸ்டம் கால் நுழையும் இடத்தைப் பாருங்கள். ‘சிஸ்கால்’ கட்டளை, பயனர் திரும்ப வேண்டிய முகவரியை ஆர்சிஎக்ஸில் வைக்கிறது. அவருடைய ஃபிளாக்குகளை ஆர்11இல் வைக்கிறது. எந்த சிஸ்டம் கால் என்ற எண் ஆர்ஏஎக்ஸில் இருக்கிறது. ஆறு உள்ளீடுகளுக்கு ஆறு ரெஜிஸ்டர்கள். மீதமிருப்பவை பயனர் நிரலின் சொந்தக் கணக்குகள். ஸ்டாக் பாயின்டர்கூட இன்னும் பயனருடையது. பொது ரெஜிஸ்டர்கள் பதினாறும் நிரம்பியிருக்கின்றன. கை வைக்க ஒன்றுகூடக் காலியில்லை.

மெல்ட்டவுன் என்ற செயலி ஓட்டைக்கான தணிப்பு இந்த இடத்தில்தான் பக்க அட்டவணையை மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு சிஆர்3 ரெஜிஸ்டரைப் படித்து, திருத்தி, திரும்ப எழுத ஒரு தற்காலிக ரெஜிஸ்டர் வேண்டும். எழுதியவர்கள் என்ன செய்தார்கள்? அந்தந்தச் செயலிக்கு உரிய நினைவகத்தில் ஒரு சிறு இடத்தைக் கண்டுபிடித்து, பயனரின் ஸ்டாக் பாயின்டரை முதலில் அங்கே பத்திரப்படுத்தினார்கள். பிறகு அந்த ஸ்டாக் பாயின்டரையே தற்காலிக ரெஜிஸ்டராகப் பயன்படுத்தினார்கள். வேலை முடிந்ததும் கெர்னலின் ஸ்டாக்கை அதில் ஏற்றினார்கள். திருத்தும்போது ஃபிளாக்குகள் மாறும். ஆனால் பயனரின் ஃபிளாக்குகள் ஏற்கெனவே ஆர்11இல் பத்திரமாக இருப்பதால் கவலையில்லை. ஒவ்வொரு பொருளும் இந்த நொடியில் எங்கே இருக்கிறது, யாருடையது என்று கணக்கு வைத்துக்கொண்டு எழுதிய வரிகள் அவை. புதிதாக இந்தத் துறைக்கு வருபவர்களிடம் நான் முதலில் படிக்கச் சொல்வது அந்த வரிகளைத்தான்.

ஸ்பெக்டர் என்ற இன்னோர் ஓட்டையின் இரண்டாம் வகைக்கான தணிப்பு இன்னும் கூடுதலாகக் கேட்கிறது. கிளை ஊகத்தைக் கட்டுப்படுத்த, எம்எஸ்ஆர் எனப்படும் செயலியின் தனி ரெஜிஸ்டர் ஒன்றில் எழுத வேண்டும். அதற்கான கட்டளை எந்த ரெஜிஸ்டர்களைப் பயன்படுத்தும் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. எம்எஸ்ஆரின் எண் ஆர்சிஎக்ஸில், எழுத வேண்டிய மதிப்பு ஆர்டிஎக்ஸிலும் ஆர்ஏஎக்ஸிலும் பாதிப்பாதியாக. மூன்று ரெஜிஸ்டர்கள் போயின. அதனால்தான் இன்றைய லினக்ஸ் நுழைவு நிரலில் பயனரின் ரெஜிஸ்டர்கள் எல்லாவற்றையும் ஸ்டாக்கில் ஏற்றி, சிஸ்டம் கால் எண்ணையும் ஆர்எஸ்ஐக்கு மாற்றிய பிறகே அந்தத் தணிப்பு வருகிறது. ‘இது ஆர்ஏஎக்ஸை அழிக்கும், எண்ணைக் காப்பாற்றிய பிறகே வைக்க வேண்டும்’ என்ற பொருளில் அதன் மேலேயே ஒரு குறிப்பும் உண்டு. அந்த ஒற்றை வரிக் குறிப்பு எத்தனை பேரின் இரவுகளைக் காப்பாற்றியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அப்படி ஒரு குறிப்பு இல்லாத இடத்தில் நான் விழுந்திருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் பராமரித்துவந்த பழைய கெர்னல் ஒன்றுக்கு இத்தகைய தணிப்பை எடுத்துச் சென்றேன். புதிய கெர்னலில் அந்தத் தணிப்பின் மேக்ரோ, எல்லா ரெஜிஸ்டர்களும் ஸ்டாக்கில் ஏறிய பிறகு வருகிறது. உள்ளீடுகளும் அங்கிருந்தே பிறகு எடுக்கப்படுகின்றன. பழைய கெர்னலிலோ வேகப் பாதை என்று ஒன்று இருந்தது. உள்ளீடுகளை அது ஸ்டாக்கில் ஏற்றினாலும், ரெஜிஸ்டரில் இருப்பதையே நேராக ஃபங்ஷனுக்குக் கொடுக்கும். நான் ஆர்ஏஎக்ஸைக் காத்தேன், ஆர்சிஎக்ஸைக் காத்தேன். ஆர்டிஎக்ஸை விட்டுவிட்டேன்.

சிஸ்டம் காலின் மூன்றாவது உள்ளீடு இருக்கும் இடம் ஆர்டிஎக்ஸ். கோப்பில் எத்தனை பைட் எழுத வேண்டும் என்ற எண் அதில்தான் வரும். என் மேக்ரோ அதில் 0ஐப் போட்டுவிட்டது. ‘பூஜ்யம் பைட் எழுது’ என்று கெர்னல் கேட்டுக்கொண்டது. எழுதியதாகவும் சொன்னது.

இது என் மேசையில் இருந்த கணினியில் தெரியவே இல்லை. அதுதான் நான் இன்றுவரை மறக்காத பாடம். தணிப்புகள் பெரும்பாலும் கெர்னல் ஏறும் நேரத்தில், செயலியின் வகையைப் பார்த்து ஒட்டப்படுகின்றன. தேவையில்லாத கணினியில் அந்த இடம் முழுவதும் ஒன்றும் செய்யாத நாப் கட்டளைகள்தான். என் கணினியில் அந்தத் தணிப்புக்குத் தேவையான மைக்ரோகோட் இல்லை. ஆகவே நான் சோதித்தது என் பேட்ச்சை அல்ல, வரிசையாக நின்ற நாப்களைத்தான். புதிய மைக்ரோகோட் ஏறிய சர்வர் ஒன்றில் அது முதன்முறையாக உயிர்பெற்றபோது, அந்த சர்வர் எழுந்திருக்கவே இல்லை. எழாமல் போனது என் நல்லூழ். எழுந்து, எப்போதாவது ஒருமுறை மட்டும் தவறாக எழுதியிருந்தால், அதற்குள் எவருடைய தரவு அழிந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனம் பதைக்கிறது.

பொது ரெஜிஸ்டர்களைக் காப்பது பலருக்கும் பழகிவிட்டது. ஃபிளாக்குகள்தான் இன்னும் நம் கண்ணுக்குத் தப்புகின்றன. 2024இல் நடந்த இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பாருங்கள்.

செயலியின் உள் இடையகங்களில் தங்கிவிடும் தரவைத் துடைக்க இன்டெல் தேர்ந்தெடுத்தது ‘வெர்டபிள்யூ’ என்ற பழைய கட்டளை. 80286 காலத்திலிருந்து இருப்பது. ஒரு செக்மென்ட்டில் எழுத முடியுமா என்று பார்த்து, முடிந்தால் ஸீரோ ஃபிளாக்கை 1 ஆக்கும். 2019இல் மைக்ரோகோட் வழியாக அதன் தலையில் இடையகத் துடைப்பு என்ற கூடுதல் வேலையையும் ஏற்றினார்கள். 2024இல், துடைத்த பிறகு கெர்னலின் தரவு எதுவும் மறுபடி இடையகத்தில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக, பயனரிடமோ விருந்தினரிடமோ திரும்புவதற்கு முந்தைய கடைசிக் கணத்துக்கு அந்தக் கட்டளையை நகர்த்தினார்கள்.

கேவிஎம்மில் அந்தக் கடைசிக் கணத்துக்குச் சற்று முன்னால் ஒரு கேள்வி இருந்தது. விருந்தினரை முதன்முறை தொடங்குகிறோமா, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோமா? அந்தக் கேள்வியின் விடை ஸீரோ ஃபிளாக்கில் காத்திருந்தது. வெர்டபிள்யூவை நடுவில் வைத்தால் விடை அழிந்துபோகும். எனவே முதலில் தனியாக ஒரு பேட்ச் வந்தது. கேள்வியைக் கேட்கும் விதத்தை மாற்றி, விடையைக் கேரி ஃபிளாக்குக்கு அது இடம்பெயர்த்தது. வெர்டபிள்யூ கேரி ஃபிளாக்கைத் தொடாது. அதன் பிறகே தணிப்பு அந்த இடத்துக்கு வந்தது. வீட்டுக்குள் பெரிய பொருளைக் கொண்டுவரும் முன், வழியில் இருக்கும் பானையை நகர்த்தி வைப்பது போன்ற முறைமை அது.

அதே தணிப்பு 32-பிட் நுழைவு நிரலுக்குப் போனபோது அந்த முறைமை தவறிவிட்டது. பயனரின் ஃபிளாக்குகளை மீட்டு வைத்த பிறகு வெர்டபிள்யூ ஓடியது. மீட்டு வைத்த ஸீரோ ஃபிளாக்கின் மேல் தன் விடையை எழுதிவிட்டுப் போனது. மாதங்கள் கழித்து, கட்டளையை இரண்டு வரி மேலே ஏற்றி, ஃபிளாக்குகளை மீட்கும் முன்பே ஓடும்படி திருத்தினார்கள். அதே சமயத்தில் இன்னொரு பிழையும் வெளிப்பட்டது. வெர்டபிள்யூ தன் உள்ளீட்டை நினைவகத்திலிருந்து எடுக்க வேண்டும். அதற்கு டிஎஸ் செக்மென்ட்டை நாடுகிறது. அந்த நேரத்தில் டிஎஸ்ஸில் இருப்பது பயனரின் மதிப்பு. பழைய டாஸ் நிரல்களை ஓட்டும் சூழல்களில் அந்த மதிப்பு கெர்னலுக்குப் பொருந்தாது, கட்டளையே தடுக்கி விழுந்தது. கெர்னலுடையது என்று உறுதியாகத் தெரிந்த சிஎஸ் வழியாகப் படிக்கும்படி மாற்றினார்கள். எழுதும் ரெஜிஸ்டர்களை மட்டும் எண்ணினால் போதாது, மறைமுகமாகப் படிக்கும் ரெஜிஸ்டர்களும் நம் கணக்கில் வர வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அடைக்கலத்தைக் காக்கும் விதத்தில் முதலிலேயே வடிவமைத்த தணிப்புகளும் நம்மிடம் உண்டு. கூகுளின் பால் டர்னர் உருவாக்கிய ரெட்போலின் அவற்றில் ஒன்று. மறைமுகத் தாவலின் இலக்கு எந்த ரெஜிஸ்டரில் இருக்கிறதோ, அதற்கென்றே தனித் துண்டு எழுதப்பட்டிருக்கிறது. அதனால் இலக்கை வேறு ரெஜிஸ்டருக்கு மாற்றும் தேவையே எழவில்லை. உள்ளே இருக்கும் கட்டளைகள் ஒரு ஃபிளாக்கையும் அசைப்பதில்லை. அழைத்தவருக்கு அது வந்துபோனதே தெரியாது.

ஆர்ம் உலகிலும் இப்படித்தான். ஃபர்ம்வேரை அழைக்கும் பழைய உடன்பாட்டின்படி எக்ஸ்0 முதல் எக்ஸ்17 வரை எதுவும் அழியலாம். ஸ்பெக்டர் தணிப்புக்காக ஒவ்வொரு நுழைவிலும் ஃபர்ம்வேரை அழைக்க வேண்டிய நிலை வந்தபோது, அத்தனையையும் காத்துவைப்பது பெருஞ்சுமை என்று தெரிந்தது. உடன்பாட்டின் 1.1 பதிப்பு, எக்ஸ்0 முதல் எக்ஸ்3 வரை மட்டுமே அழியலாம், மற்றவற்றைக் காப்பது ஃபர்ம்வேரின் கடமை என்று சுருக்கியது. கெர்னல் நான்கே நான்கு ரெஜிஸ்டர்களை ஸ்டாக்கில் வைத்தால் போதும். காக்கும் பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் தெளிவாக இருந்தால் பாதுகாப்பும் கூடும், வேகமும் கூடும்.

2025 மே மாதத்தில் கிளை வரலாற்றைத் துடைக்கும் துண்டு ஒன்றைப் பிபிஎஃப் நிரல்களின் முடிவில் சேர்த்தார்கள். அந்தத் துண்டு ஆர்ஏஎக்ஸையும் ஆர்சிஎக்ஸையும் அழிக்கும். பிபிஎஃப் நிரலின் விடை ஆர்ஏஎக்ஸில்தான் இருக்கிறது. ஒரு சிஸ்டம் காலை அனுமதிப்பதா, நிரலையே நிறுத்துவதா என்று செக்காம்ப் வடிகட்டி சொல்லும் தீர்ப்பு அந்த விடைதான். எழுதியவர்கள் இரண்டையும் ஸ்டாக்கில் வைத்து, துடைத்துவிட்டு, திரும்ப எடுக்கிறார்கள். அந்த நான்கு பைட்டுகள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஓர் ஓட்டையை அடைக்க வந்த பேட்ச், காவலாளியின் தீர்ப்பையே மாற்றி எழுதிவிடும்.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்து உங்களிடம் சிலவற்றைக் கேட்கிறேன்.

தணிப்புகளை எழுதுபவர்களே, ஒவ்வொரு மேக்ரோவின் தலையிலும் மூன்று செய்திகளை எழுதுங்கள்: எதை அழிக்கிறது, எதை நம்பியிருக்கிறது, எந்த வரிக்குப் பிறகு வைக்க வேண்டும். ஃபிளாக்குகளையும் செக்மென்ட் ரெஜிஸ்டர்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். ‘ஒன்றையும் அழிக்காது’ என்றால் அதையும் எழுதுங்கள். அடுத்தவர் அந்த வாக்கை நம்பித்தான் கட்டப்போகிறார். சி நிரலுக்கு நடுவே அசெம்ப்ளி வைத்து அதற்குள்ளிருந்து ஒரு ஃபங்ஷனை அழைத்தால், அழியும் ரெஜிஸ்டர்களின் பட்டியலைக் கம்பைலரிடம் முழுமையாகச் சொல்லுங்கள். அந்த அழைப்பைக் கம்பைலர் பார்ப்பதில்லை. நீங்கள் சொல்லாத ரெஜிஸ்டரில் அது வேறொருவரின் மதிப்பை நிம்மதியாக வைத்திருக்கும்.

பழைய பதிப்புகளுக்கு எடுத்துச் செல்பவர்களே, மோதல் இல்லாமல் பேட்ச் ஒட்டிக்கொண்டால் அதைச் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வரிகள் பொருந்தின என்று மட்டும்தான் அது சொல்கிறது. அந்த இடத்தில் எந்த ரெஜிஸ்டர் உயிரோடு இருக்கிறது என்பதைப் பழைய நிரலின் மேலும் கீழும் படித்து, காகிதத்தில் பதினாறு கட்டம் போட்டு நிரப்புங்கள். நான் அன்று அதைச் செய்திருந்தால் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும்.

சோதிப்பவர்களே, தணிப்பு உயிரோடு ஓடிய கணினியில் நடந்த சோதனை மட்டுமே சோதனை. கெர்னல் தன் ஓட்டைகளின் நிலையை ‘வல்னரபிலிட்டீஸ்’ கோப்புறையில் தானே சொல்கிறது. அதன் நகல் இல்லாத சோதனை அறிக்கையை ஏற்காதீர்கள். ரெஜிஸ்டர்கள் ஒவ்வொன்றிலும் அடையாளம் தெரியும் எண்ணை நிரப்பி, சிஸ்டம் காலுக்குள் போய்வந்து, எல்லாவற்றையும் ஒப்பிடும் சிறு நிரலை எழுதி வைத்திருங்கள். 64-பிட் எக்ஸ்86இல் ஆர்ஏஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்11 தவிர வேறெதுவும் மாறக் கூடாது. ஃபிளாக்குகளை 0 ஆகவும் 1 ஆகவும் வைத்து இரண்டு முறையும் ஓட்டுங்கள். எப்போதும் 0 ஆக்கும் பிழை, 0ஐ வைத்துச் சோதித்தால் தெரியாது.

இந்த வேலைக்கு நாள் குறிக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். மெல்ட்டவுனும் ஸ்பெக்டரும் 2017 ஜூனிலேயே செயலி நிறுவனங்களுக்குத் தெரியும். ஆனாலும் 2018 ஜனவரி 9ஆம் தேதி என்று குறித்த அறிவிப்பு, செய்தி கசிந்து 3ஆம் தேதியே வெளியானது. இரகசியமாக எழுதும் நிரலைப் படிக்கும் கண்கள் குறைவு. கடைசி நேரத்தில் அந்தக் குறைந்த கண்களும் களைத்துப்போகின்றன. நுழைவு நிரலைத் தொடும் பேட்ச்சுக்கு இன்னும் இரண்டு பேரையும் இன்னும் இரண்டு நாட்களையும் கேட்டால், மறுக்காமல் கொடுங்கள்.

தன் தரவு கசிந்தால் பயனர் என்றாவது ஒருநாள் செய்தியில் படித்து அறியக்கூடும். தன் கணக்கை நாம் மாற்றிவிட்டோம் என்பது அவருக்கு ஒருநாளும் தெரியாது. தன் நிரலில்தான் பிழை என்று நினைத்து, இல்லாத பிழையைத் தேடி நாட்களைக் கழிப்பார். அந்த மனிதர் நம்மிடம் வந்து கேட்க மாட்டார். கேட்கத் தெரியாத ஒருவரின் பொருளைக் காப்பதற்குப் பெயர்தான் அடைக்கலம்.

2023இல் ‘ஆட்’ இருந்த இடத்தில் வந்த ‘லியா’ ஒரு பைட் நீளமானது. நான்கு பைட்டுக்குப் பதிலாக ஐந்து. அந்தத் துண்டின் அளவு மாறக் கூடாது என்பதால், காலியிடத்தை நிரப்பிக்கொண்டிருந்த ஒரு ‘இன்ட்3’ கட்டளையை எடுத்துவிட்டு இடம் செய்தார்கள். அந்த ஒரு பைட்டுக்குத்தான் நான் இத்தனை தூரம் வாதாடுகிறேன். உங்கள் அடுத்த பேட்ச்சிலும் அதற்கு இடம் செய்யுங்கள்.

அன்புடன்,
உங்களோடு கெர்னலைப் பராமரிக்கும் ஒருவன்